கூரையிலிருந்து ஏ.சி.யை இறக்குதல்

பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், கார்மென்ட்ஸ் கம்பெனிகளுக்கும் பேக்கரிகளுக்கும் நடுவே தகரக் கொட்டகை போட்ட வண்டிப் பட்டறைகள் தென்படும். டிங்கரிங்குக்கு ஒரு ஷெட், பெயிண்டுக்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து ஆட்கள் நிறைய பேர் இருப்பதால் தமிழ் பேசினாலே வேலை நடந்துவிடும். பழைய டெம்போ டிராவலரை வாங்கி கேம்பராக மாற்ற வருபவர்கள் இங்கே முதலில் கேட்பது ஏ.சி.யைப் பற்றித்தான். கூரைமேல் ஒரு பெரிய பெட்டி உட்கார்ந்திருக்கிறது, பல வருடமாகக் குளிர்ச்சி இல்லை, மழை வந்தால் அதன் ஓரமாகத் தண்ணீர் சொட்டுகிறது. எடுத்துவிடலாமா? "எடுத்துரலாம் சார், அரை நாள் வேலை" என்பார்கள்.

அது உண்மைதான். இறக்குவது அரை நாள் வேலை. ஆனால் ஏ.சி. போன இடத்தில் ஒரு ஓட்டை இருக்கும். அதை எப்படி மூடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைக்காதீர்கள். ஷீட் வாங்கி வெட்டி, துளை போட்டு, ப்ரைமர் அடித்துத் தயாராக வைத்துவிட்டு ஏ.சி.யில் கை வைப்பதுதான் சரியான வரிசை. பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் இடி இடித்துப் பெய்யும். செப்டம்பர்தான் அதிக மழை பெறும் மாதம், அக்டோபரும் சளைத்ததல்ல. கூரையைத் திறந்துபோடும் வேலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்.

எடுக்கத்தான் வேண்டுமா?

டிராவலரில் வழக்கமாக இருப்பது எஞ்சினோடு ஓடும் ஏ.சி. கம்ப்ரெஸர் எஞ்சின் அருகே பெல்ட்டில் சுற்றும். கண்டென்ஸரும் அதன் ஃபேன்களும் கூரைமேல். கூலிங் காயில் உள்ளே சீலிங்கை ஒட்டி. வண்டி ஓடினால்தான் குளிர்ச்சி வரும். பகலில் பயணிகளை ஏற்றிப்போன வேனுக்கு அது பொருத்தம். நிறுத்திவிட்டு உள்ளே தூங்கப்போகும் கேம்பருக்கு அதனால் பெரிய பயனில்லை. ராத்திரி எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு தூங்குவதை யோசிக்கவே வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

இன்னொரு வகை, 230 வோல்ட்டில் தனியாக ஓடும் கூரை ஏ.சி. முன்பே யாரோ கேம்பராக மாற்றிய வண்டியிலோ, வெளிநாட்டிலிருந்து வந்த வண்டியிலோ இருக்கும். கம்ப்ரெஸர், கண்டென்ஸர், கூலிங் காயில் மூன்றும் ஒரே பெட்டிக்குள். சிலர் வீட்டு விண்டோ ஏ.சி.யையே பின்சுவரை வெட்டிச் சொருகியிருப்பார்கள். இவை ஆயிரம் வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்து 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 90 ஆம்பியருக்கு மேல் போகும். 200 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிவரைதான் இறக்கலாம் என்பதால் ஒரு மணி நேரம்கூட முழுதாக வராது. அதே ஓட்டையில் ஒரு 12 வோல்ட் வென்ட் ஃபேனை வைத்தால் 2, 3 ஆம்பியரில் விடிய விடிய ஓடும்.

கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கும் பெங்களூரிலிருந்து கூர்க், ஏற்காடு, ஊட்டி என்று போகிறவருக்கு ஏ.சி. சுமைதான். மே மாதம் சென்னையிலும் ராமேஸ்வரத்திலும் வேனில் தூங்குபவர் கதை வேறு: புழுக்கத்தில் ஃபேன் சூடான காற்றைத்தான் சுற்றிவிடும். அப்படிப்பட்டவர் கழற்றுவதற்கு முன் ரிப்பேர் எஸ்டிமேட் ஒன்று வாங்கிப் பார்க்கட்டும்.

காஸ்

"ஒரு நட்டை லூஸ் பண்ணுனா ரெண்டு நிமிஷத்துல போயிடும் சார்." பட்டறையில் இதைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஏ.சி.யில் குளிர்விக்கும் ஆர்-134ஏ காஸ் ஒரு கிலோ வெளியேறினால், 1,300 முதல் 1,430 கிலோ கரியமில வாயு காற்றில் கலந்ததற்குச் சமம். சுமார் 500 லிட்டர் டீசல் எரிப்பது போன்ற கணக்கு. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியில் 5,000 கிலோமீட்டர் ஓட்டம். இந்த வகைக் காஸ்களைக் குறைப்பதற்கான கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021-இல் ஏற்றது. 2032-இலிருந்து படிப்படியாகக் குறைக்க வேண்டும். உங்கள் கைக்கும் ஆபத்து உண்டு. திரவமாகத் தெறிக்கும் ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் கண் போகலாம். காஸ் இருக்கும் இடத்தில் வெல்டிங் தீயோ பீடியோ இருந்தால் அது சிதைந்து விஷப் புகையாகும்.

குளிர்ச்சி இல்லை என்பதற்காகக் காஸும் இல்லை என்று நினைக்க வேண்டாம். பழைய வண்டிகளில் கம்ப்ரெஸர் கிளட்ச் காயில் எரிந்துபோயிருக்கும், காஸ் உள்ளே அப்படியே இருக்கும். கேஜ் மாட்டிப் பாருங்கள். எஞ்சின் ஓடாமல் எல்லாம் 30 டிகிரியில் ஆறியிருக்கும்போது ஆர்-134ஏ சுமார் 95 பி.எஸ்.ஐ. காட்டும். இதில் ஒரு சூட்சுமம்: உள்ளே துளி திரவம் இருந்தாலும் அரைக்கிலோ இருந்தாலும் கேஜ் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும். எனவே கேஜ் சொல்வது காஸ் இருக்கிறதா என்பதை மட்டுமே. எவ்வளவு இருக்கிறது என்பது ரிகவரி சிலிண்டரைத் தராசில் வைத்து இழுக்கும்போதுதான் தெரியும்.

எந்தக் காஸ் என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். கம்ப்ரெஸரிலோ பானெட் அடியிலோ ஸ்டிக்கர் இருந்தால் நல்லது. முகப்பில் பஜாஜ் டெம்போ என்ற பெயர் இருந்தால் வண்டி 2005-க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் கம்பெனி ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்னும் பழையது என்றால் ஆர்-12 ஆக இருக்கலாம். ஓசோனைத் தின்னும் அந்தக் காஸில் புதிதாக ஏ.சி. தயாரிப்பதற்கு இந்தியாவில் 2003 தொடக்கத்திலிருந்து தடை. சர்வீஸ் வாயைப் பார்த்தாலும் ஓரளவு புரியும்: ஆர்-12-க்கு மரை போட்டுத் திருகும் வாய், ஆர்-134ஏ-க்கு அழுத்தி மாட்டும் வாய். ஆனால் இருபது வருடத்தில் எத்தனையோ கைகள் பட்டிருக்கும். மலிவாகக் கிடைத்தது என்று யாராவது எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் காஸைக்கூட ஏற்றியிருக்கலாம். அதைச் சாதாரண ரிகவரி மெஷினில் இழுத்தால் தீப்பொறி அபாயம் உண்டு. சந்தேகம் இருந்தால் ஏ.சி.காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கலப்புக் காஸைத் தனிச் சிலிண்டரில்தான் பிடிக்க வேண்டும்.

ரிகவரி மெஷின் வைத்திருக்கும் ஆளைத் தேடிப் பிடியுங்கள். எல்லா ஷெட்டிலும் இருக்காது, கேட்டால் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது; வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். இழுத்து முடித்து வேக்குவத்துக்குப் போன பிறகு மெஷினை நிறுத்திப் பத்து நிமிடம் கேஜைப் பாருங்கள். முள் மறுபடி ஏறினால் ஆயிலில் கரைந்திருந்த காஸ் இன்னும் வருகிறது என்று பொருள். இன்னொரு முறை இழுக்கச் சொல்லுங்கள். அவசரக்கார மெக்கானிக் விட்டுவிடும் கட்டம் இது.

காஸ் போன பிறகு ஹோஸ்களைக் கழற்றலாம். இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. ஒரே ஸ்பேனரில் திருகினால் அலுமினிய பைப் முறுக்கிக்கொள்ளும். கழற்றிய வாய்களை உடனே பிளாஸ்டிக் மூடியோ டேப்போ போட்டு அடையுங்கள், ஏனென்றால் கம்ப்ரெஸர் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரம் ஏறிய கம்ப்ரெஸரை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள். சிந்தும் ஆயிலை டப்பாவில் பிடித்துப் பழைய எஞ்சின் ஆயிலோடு கொடுத்துவிடுங்கள். பக்கத்து ராஜகாலுவேயில் (மழைநீர்க் கால்வாயில்) ஊற்றினால் அது ஏரிக்குத்தான் போகும். பெல்லந்தூர் ஏரி நுரைத்ததையும் தீப்பிடித்ததையும் பெங்களூர்வாசிகளுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

கரண்ட், பெல்ட்

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் ஒயரில் கை வைக்க வேண்டும். ஒயரை வெட்டுவதைவிட பியூஸ், ரிலே இருக்கும் இடத்திலேயே கழற்றி, முனைக்கு டேப் சுற்றி, என்ன ஒயர் என்று எழுதிக் கட்டுவது நல்லது. கண்டென்ஸர் ஃபேனுக்குப் போன தடித்த ஒயர் கூரைக்கு ஏற்கெனவே போட்டுவைத்த நல்ல பாதை. வென்ட் ஃபேனுக்கோ லைட்டுக்கோ, ஃபேனுக்கேற்ற சிறிய பியூஸ் போட்டு, அதையே பயன்படுத்தலாம்.

230 வோல்ட் யூனிட் என்றால் பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே ஒரு 230 வோல்ட் குண்டு பல்பைத் தொட்டு வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் என்று பார்த்த பிறகு தொடுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவது வீரமாகத் தெரியலாம், ஆனால் கெப்பாசிட்டரும் கெடும், கையும் உதறும்.

பெல்ட் விஷயத்தில் பானெட்டைத் திறந்து பார்க்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது. கம்ப்ரெஸருக்கென்று தனி பெல்ட் இருந்தால் அதைக் கழற்றிவிட்டால் முடிந்தது. வாட்டர் பம்புக்கும் ஆல்டர்னேட்டருக்கும் போகும் அதே பெல்ட் கம்ப்ரெஸரையும் சுற்றினால், கம்ப்ரெஸரை எடுத்தபின் பழைய பெல்ட் நீளம் கூடிவிடும். புல்லிகளைச் சுற்றி நூல் போட்டு அளந்து குட்டையான பெல்ட் வாங்குங்கள். அளவு பெல்ட்டிலேயே அச்சிட்டிருக்கும்: 6பிகே1200 என்றால் ஆறு வரி, 1,200 மி.மீ. சுற்று. புது பெல்ட் வாட்டர் பம்ப் புல்லியைப் போதிய அளவு கட்டிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். வழுக்கினால் எஞ்சின் சூடேறும். பிடிப்பு போதவில்லை என்றால் கம்ப்ரெஸரை அதன் இடத்திலேயே விட்டு, கிளட்ச் ஒயரை மட்டும் கழற்றி, வெறும் புல்லியாகச் சுற்றவிடுவது கேவலமான வழியல்ல. பேரிங்கில் சத்தம் வராதவரை ஓடும்.

வண்டி ஷெட்டில் பிரிந்து கிடக்கும்போது பெல்ட் வாங்க ஆட்டோ பிடிக்க வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோவில் பொம்மனஹள்ளியில் ஏறி ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கலாம். அங்கிருந்து கலாசிபாளையமும் ஜே.சி. ரோடும் நடக்கும் தூரம்; ஒயர், டெர்மினல், டி.சி. ஃபேன் எல்லாம் எஸ்.பி. ரோட்டில். பழைய பெல்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இறக்குதல்

ஷெட் கர்டர் தாங்கும் என்று பட்டறைக்காரர் உறுதியாகச் சொன்னால் செயின் பிளாக் போட்டுத் தூக்குவதே பத்திரம். இல்லாவிட்டால் வண்டியின் பக்கவாட்டில் சாரம் கட்டி, மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர். தனி யூனிட் 30 முதல் 45 கிலோ இருக்கும். பஸ் மாதிரிக் கண்டென்ஸர் பெட்டி நீளமானது, வளைந்துகொடுக்கும், அதனால் இன்னும் தொல்லை. கூரையில் ஏறுபவர் குறுக்குச் சட்டத்தின்மேல் பலகை போட்டுத்தான் நிற்க வேண்டும். சட்டங்களுக்கு நடுவே கால் வைத்தால் ஷீட் குழிந்துவிடும், பிறகு அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும்.

போல்ட்டெல்லாம் கழன்ற பிறகும் பெட்டி அசையாது. பழைய சீலன்ட் பிடித்திருக்கும். கடப்பாரை போட்டு நெம்புவதுதான் வழக்கம். ஷீட் கிழிவதும் அதனால்தான். மெல்லிய கிட்டார் கம்பியின் இரு முனையிலும் கட்டை கட்டி, பெட்டிக்கும் கூரைக்கும் நடுவே விட்டு ரம்பம் போல இழுத்தால் சீலன்ட் அறுந்து வரும். விண்ட்ஷீல்டு மாற்றுபவர்கள் இதே வித்தையைத்தான் செய்கிறார்கள்.

ஓட்டை

பெட்டி இறங்கியதும் உள்ளதெல்லாம் வெட்டவெளிச்சமாகும். சீலன்ட் வரிசையின் அடியில் துரு, அதன் கீழே ஊறிக் கறுத்த பிளைவுட், விரலால் அழுத்தினால் பொடியாகும் ஓரங்கள். ஏ.சி. பொருத்தியவர் குறுக்குச் சட்டத்தையே வெட்டியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். வெட்டியிருந்தால் அதே அளவுச் சட்டம் வைத்து இணைக்காமல் மேலே ஷீட்டை மூடுவது ஏமாற்று வேலை. மேடு பள்ளத்தில் கூரை நெளிந்து எந்த சீலன்ட்டும் விட்டுவிடும்.

துருவைச் சுரண்டிக்கொண்டே போங்கள். வெள்ளை இரும்பு தெரியும்வரை நிறுத்தக் கூடாது. ஓட்டை பெரிதாகிறதே என்று மனம் கேட்காது, இருந்தாலும் அழுகிய ஷீட்டின்மேல் ஒட்டிய பேட்ச் இரண்டு மழைக்கு மேல் நிற்காது.

சதுர ஓட்டை 14 அங்குலமோ 400 மி.மீ.யோ இருந்தால் அதிர்ஷ்டம், சந்தையில் கிடைக்கும் வென்ட் ஃபேன்கள் பெரும்பாலும் இந்த அளவுகளில் வருகின்றன. கேம்பருக்கு என் சிபாரிசு வென்ட் ஃபேன்தான். சமையல் ஆவியும் மூச்சுக் காற்றின் ஈரமும் வெளியேற வழி வேண்டும். டிராவலரில் கண்டென்ஸர் பெட்டி விட்டுப்போகும் ஓட்டைகளோ ஹோஸ் நுழைந்த சிறு துளைகளும் போல்ட் துளைகளும்தான். அவற்றை ஷீட் போட்டு மூடலாம்.

மூடுவதற்கு 20 கேஜ் இரும்பு ஷீட் போதும். ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் 40 மி.மீ. கூடுதலாக வெட்டி, நடுவில் சற்று மேடாகத் தட்டச் சொல்லுங்கள், தண்ணீர் தேங்காது. வெல்டிங்கா ரிவெட்டா என்றால் நான் ரிவெட் பக்கம். சீலிங்குக்குள் பழைய தெர்மாகோலும் ஃபோமும் ஒயரும் இருக்கும் வண்டியில் கூரையில் வெல்டிங் வைப்பது தீயை வரவழைப்பது. வெல்டிங்தான் என்றால் உள்ளே முழுக்கப் பிரித்து, ஒருவர் தண்ணீர் வாளியோடும் தீயணைப்பானோடும் உள்ளே நிற்க வேண்டும். ரிவெட்டுக்கு முனை மூடிய வகை வாங்குங்கள். 50 மி.மீ. இடைவெளி, ஒவ்வொன்றையும் சீலன்ட்டில் தோய்த்துச் சொருகுங்கள். அலுமினிய ஷீட்தான் கிடைத்தது என்றால், இரும்போடு நேரடியாக உரசாமல் நடுவில் சீலன்ட் படலம் முழுதாக இருக்க வேண்டும். இரண்டு உலோகமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்துப்போகும்.

சீலன்ட் பாலியூரிதேன். பாத்ரூம் சிலிக்கானை எவ்வளவு வற்புறுத்தினாலும் வாங்காதீர்கள். அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது, அது பட்ட இடத்தில் பிறகு வேறு எந்த சீலன்ட்டும் சரியாக ஒட்டாது. எம்-சீல் கல்லாக இறுகி, வண்டி அதிர்ந்ததும் விரியும். பாலியூரிதேன் காற்றின் ஈரத்தில் நாளுக்குச் சுமார் 3 மி.மீ. ஆழம் இறுகும். தடிமனாகப் போட்டிருந்தால் இரண்டு மூன்று நாள் வண்டியை எடுக்க வேண்டாம்.

பிறகு சோதனை. உள்ளே ஷீட்டின் ஓரம் முழுக்கக் கோலமாவைப் பிரஷ்ஷால் பூசுங்கள். மேலே ஹோஸ் பைப்பில் தண்ணீரை மெதுவாக ஓடவிடுங்கள், அரை மணி நேரமாவது. எங்கே கசிகிறதோ அங்கே மாவு கரைந்து கோடு இறங்கும். சொட்டு விழும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஆள் அகப்படுவான். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்துச் சோதிக்காதீர்கள், மழை அப்படிப் பெய்வதில்லை. உள் சீலிங் பேனலை முதல் பெருமழை முடியும்வரை நாலு ஸ்க்ரூவில் தொங்கவிட்டு, பார்த்த பிறகு நிரந்தரமாக மூடுங்கள்.

மறந்துபோகும் ஓட்டைகள் கீழே இருக்கின்றன. கூலிங் காயில் தண்ணீர் வடிந்த டிரெயின் பைப் தூண் வழியாக இறங்கித் தரையைத் துளைத்து வெளியேறும். ஹோஸ்கள் எஞ்சின் பக்கத் தகட்டைத் துளைத்து வந்திருக்கும். இவற்றை ரப்பர் கிராமெட்டும் சீலன்ட்டும் வைத்து அடைக்காவிட்டால் புழுதியும் எலியும் வரும், அதைவிட மோசமாக எஞ்சின் புகை நீங்கள் தூங்கும் அறைக்குள் வரும்.

காகிதமும் காயலான் கடையும்

ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொன்னது. ஏ.சி.யை இறக்கிக் கூரையைப் பழையபடி மூடுவதற்கும் கூரையை வெட்டி உயர்த்துவதற்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு. ஆனால் வண்டி ஏ.சி. வாகனம் என்று பர்மிட்டில் இருந்தாலோ, கேம்பராக ஆர்.சி.யை மாற்றப்போகிறீர்கள் என்றாலோ, வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் ஏ.சி.யைத் தனி அக்சஸரியாகக் காட்டியிருந்தால் அடுத்த ரினியூவலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லாத பொருளுக்கு எதற்கு பிரீமியம்?

இறக்கிய சரக்கைப் பெங்களூரில் குஜரி என்பார்கள், சிவாஜிநகரில் அதற்கென்றே தெருக்கள் உண்டு. செம்பையும் அலுமினியத்தையும் பிரித்துக் கொடுத்தால் விலை கூடும். ஃபேன் மோட்டார்கள் ஓடினால் தனியாகப் போகும். விண்டோ ஏ.சி. 2022 மின்கழிவு விதிகளுக்குள் வரும் பொருள், அதை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுப்பதே முறை. கம்ப்ரெஸர் பிராக்கெட்டையும் அதன் நீள போல்ட்டுகளையும் மட்டும் எடைக்குப் போடாதீர்கள். பழைய எஞ்சினுக்குப் பிராக்கெட் புதிதாகக் கிடைப்பது கஷ்டம், லேத்தில் செய்தால் புல்லி நேர்கோட்டில் உட்காராது. வண்டியை விற்கும்போது வாங்குபவர் ஏ.சி. வேண்டும் என்றால் அதைக் கையில் கொடுத்துவிடலாம்.